நெடுங்கடல் கடந்து மார்க்கேசஸ் கரை சேர்தல்

காலாபகோஸ் தீவுகளை விட்டு மேற்கே கிளம்பும் பாய்மரப் படகு, சுமார் 3,000 கடல் மைல் ஓடிய பிறகே அடுத்த கரையைக் காணும். பனாமாவிலிருந்து நேராக வந்தால் தொலைவு ஏறத்தாழ 4,000 மைல். நாளொன்றுக்கு 120 முதல் 150 மைல் ஓடும் நடுத்தரப் படகுக்கு இது மூன்று முதல் ஐந்து வாரப் பயணம். காலாபகோஸ் கண்ணிலிருந்து மறைந்தபின் வழியில் ஒதுங்க ஒரு பாறைகூடக் கிடையாது. அந்த நீண்ட வெறுமையின் மறுமுனையில் எழுந்து நிற்பவை மார்க்கேசஸ் தீவுகள். பிரெஞ்சு பாலினீசியாவின் வடகிழக்கு மூலையில், நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே ஏறக்குறைய 8 முதல் 10 பாகைக்குள் அவை சிதறிக் கிடக்கின்றன. தலைநகர் பப்பீட்டே இருக்கும் டஹீட்டி அங்கிருந்து 1,400 கிலோமீட்டர் தள்ளியிருக்கிறது.

மனிதர் வாழும் தீவுகள் ஆறு: நூக்கு ஹீவா, ஊவா போ, ஊவா ஹூக்கா, ஹீவா ஓவா, தாஹுவாட்டா, ஃபாட்டு ஹீவா. எல்லாவற்றையும் சேர்த்தாலும் மக்கள்தொகை பத்தாயிரத்தைத் தொடாது. 1595இல் வந்த ஸ்பானிய மாலுமி மெண்டான்யா, பெருவின் ஆளுநராக இருந்த மார்க்விஸ் பட்டக்காரரின் நினைவாக வைத்த பெயரே வரைபடங்களில் நிலைத்தது. தீவினர் தங்கள் மண்ணைத் 'தே ஹெனுவா எனாட்டா' என்கிறார்கள். மனிதர்களின் நிலம் என்பது பொருள். 1842இல் பிரான்ஸ் இத்தீவுகளைத் தன்னுடையதாக்கிக்கொண்டது.

பெரும்பாலான படகுகள் மார்ச் முதல் ஜூன் வரையிலான மாதங்களில் இங்கே வந்து சேர்கின்றன. தென் பசிபிக்கின் புயல் பருவம் நவம்பரில் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது. மார்க்கேசஸைப் புயல் தாக்குவது அரிது என்றாலும், இங்கிருந்து மேற்கே போகப் போக அந்த ஆபத்து கூடும். அதனால் ஏப்ரல், மே மாதங்களில் வந்து சேர்பவருக்கு முன்னே ஒரு முழுப் பருவமும் திறந்திருக்கும்.

கடைசி இரண்டு நாள்

நடுக்கடலில் படகு மோதுவதற்கு ஏதுமில்லை. மோதக்கூடியவை எல்லாம் கரையோரத்தில்தான் இருக்கின்றன. அங்கே போய்ச் சேரும்போது படகில் இருப்பவர்களோ வாரக்கணக்கில் அரைத்தூக்கம் தூங்கியவர்கள். இந்தப் பயணத்தில் மிகுந்த கவனம் வேண்டிய பகுதி புறப்பாடும் அல்ல, நடுவழியும் அல்ல. கரை தெரிவதற்கு முந்தைய நாற்பத்தெட்டு மணி நேரமும் நங்கூரம் மண்ணைப் பிடிக்கும் அந்த நிமிடமும்தான்.

இரண்டு நாளுக்கு முன்பே, இடம் தாராளமாக இருக்கும்போது, எஞ்சினை அரைமணி நேரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். வாரக்கணக்கான ஆட்டத்தில் டீசல் தொட்டியின் அடிக்கசடு கலங்கி வடிகட்டியை அடைத்திருக்கலாம். நாள்பட ஓடிய படகின் அடியில் கொட்டலசு ஒட்டி வளரும். அது எஞ்சினைக் குளிர்விக்கும் கடல்நீர் நுழையும் துளையை மூடியிருக்கலாம். எஞ்சின் ஓடும்போது புகைக்குழாயில் வழக்கமான அளவு தண்ணீர் வெளியே வருகிறதா என்று பார்ப்பதே சோதனை. அடுத்தது நங்கூரச் சங்கிலி. அறைக்குள் உருண்டு புரண்டு முடிச்சு விழுந்த சங்கிலி, குறுகிய குடாவில் பத்து மீட்டர் இறங்கியதும் சிக்கி நின்றுவிடும். அதை எடுத்துப் பிரித்து மீண்டும் சீராக அடுக்குவதற்குரிய இடம் திறந்த கடல். பாறைச் சுவருக்கு நூறு மீட்டர் அருகில் அல்ல.

பிறகு நேரக் கணக்கு. நிலநடுக்கோட்டுக்கு அருகில் காலை 6 மணியளவில் விடிந்து மாலை 6 மணியளவில் இருட்டிவிடும். அந்திவெளிச்சம் நீண்டு நிற்பதில்லை. தெரியாத துறைக்குள் இருட்டில் நுழையக் கூடாது என்ற விதிக்கு இங்கே விலக்கு இல்லை. ஜிபிஎஸ் படகின் இடத்தைச் சில மீட்டர் துல்லியத்தில் சொல்லிவிடும். ஆனால் அந்தக் கருவியின் திரையில் இருக்கும் கரைக்கோடு எப்போது, எப்படி அளக்கப்பட்டது என்பதைச் சொல்லாது. அலைத்தடுப்புச் சுவருக்குள் விளக்கில்லாமல் நிற்கும் இன்னொரு படகையும் அது காட்டாது.

நண்பகலில் இன்னும் 80 மைல் பாக்கி என்றால், 6 நாட் (மணிக்கு 6 கடல் மைல்) வேகத்தில் ஓடும் படகு நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்குக் கரையில் இருக்கும். அதே படகின் பாயைக் குறைத்து 4 நாட் வேகத்தில் ஓடவிட்டால் காலை 8 மணிக்குப் போய்ச் சேரும். எனவே வேகத்தைக் குறைக்கும் முடிவை முந்தைய நண்பகலிலேயே எடுக்க வேண்டும். மாலையில் மலை தெரிந்த பிறகு எடுப்பது கடினம். கண்ணெதிரே கரை இருக்க, வேண்டுமென்றே விலகி நிற்க எவருக்கும் மனம் வராது.

குறைத்தும் போதவில்லை என்றால் படகை நிறுத்திவைக்கும் பழைய முறை இருக்கிறது. முன்பாயைக் காற்று வரும் பக்கமாக இழுத்துக் கட்டி, படகைக் காற்றின் முகத்துக்குத் திருப்பும் வகையில் சுக்கானைப் பூட்டிவிட்டால், இரண்டும் ஒன்றையொன்று தடுத்துப் படகு ஏறக்குறைய நின்றுவிடும். ஏறக்குறைய என்ற சொல் இங்கே முக்கியம். அது மணிக்கு ஒன்றிரண்டு மைல் காற்றோடு நகர்ந்துகொண்டேதான் இருக்கும். தென்கிழக்கு வியாபாரக் காற்று தீவை நோக்கி வீசுகிறது. நிலநடுக்கோட்டு நீரோட்டமும் மேற்கே, தீவின் பக்கமே இழுக்கிறது. இரண்டையும் கூட்டினால் இரவின் எட்டு மணி நேரத்தில் படகு 20 மைல்கூட நகர்ந்துவிடலாம். தீவுக்குப் பத்து மைல் கிழக்கே நிறுத்திவிட்டுத் தூங்கப்போவது உயிரோடு விளையாடுவது. 25 மைலுக்குக் குறையாத இடைவெளி வேண்டும். அப்போதும் ஒருவர் விழித்திருக்க வேண்டும்.

கரையின் முதல் அடையாளங்கள்

மார்க்கேசஸ் உயரமான எரிமலைத் தீவுகள். ஹீவா ஓவா, நூக்கு ஹீவா, ஊவா போ மூன்றின் சிகரங்களும் 1,000 மீட்டரைத் தாண்டுகின்றன. பூமியின் வளைவை மட்டும் கணக்கிட்டால் 1,200 மீட்டர் மலையை 70 மைலுக்கு அப்பாலிருந்தே பார்க்க முடிய வேண்டும். மலையுச்சி மேகத்துக்குள் இருப்பதால் நடைமுறையில் அது 20 முதல் 40 மைல்தான். முதலில் கண்ணில் படுவது மலை அல்ல, அதன் மேல் நிற்கும் மேகம். வியாபாரக் காற்றின் சிறு மேகங்கள் எல்லாம் வரிசையாக நகர்ந்துகொண்டிருக்க, ஒன்று மட்டும் இடம் மாறாமல் நிற்கும். அதன் அடியில் கருமை அடர்ந்து மெல்ல மெல்ல விளிம்பு பெறும்.

பறவைகளும் செய்தி சொல்லும். வெள்ளை ஆலாவும் நாடி என்னும் பழுப்பு நிற ஆலாவும் விடியலில் கரையிலிருந்து மீன்பிடிக்க வெளியே பறந்து மாலையில் கூடு திரும்புபவை; இவை அந்தி வேளையில் ஒரே திசையில் போனால் அந்தத் திசையில் நிலம் இருக்கிறது, அதுவும் இருபது முப்பது மைலுக்குள். பாலினீசிய மாலுமிகள் கருவி ஏதுமின்றித் தீவுகளைக் கண்டடைந்த வழிகளில் இது ஒன்று. 1976இல் சத்தாவால் தீவின் மாவ் பியாய்லுக் வழிநடத்த, ஹோக்குலேயா என்ற இரட்டை ஓடம் ஹவாயிலிருந்து டஹீட்டி வரை நவீனக் கருவிகளின் துணையின்றிப் போய்ச் சேர்ந்தது. விண்மீன், அலை, பறவை, மேகம் இவற்றைப் படிக்கும் அறிவு வெறும் கதையல்ல என்பதை அந்தப் பயணம் உலகுக்குக் காட்டியது. இன்று கருவி உள்ள படகிலும் இந்த அடையாளங்களைக் கவனித்துப் பழக வேண்டும். மின்சாரம் போன நாளில் மிஞ்சுபவை அவைதான்.

நிலத்தின் வாசனை தூரத்திலேயே வரும் என்று பயண நூல்கள் எழுதுகின்றன. கிழக்கிலிருந்து வரும் படகுக்கு அது பொருந்தாது. காற்று படகிலிருந்து தீவுக்கு வீசுவதால், தீவைச் சுற்றி அதன் மேற்கு மறைவுக்குள் போன பிறகுதான் ஈரமண்ணும் பூவும் விறகுப் புகையும் கலந்த அந்த மணம் படகை எட்டும். அப்போது அது திடீரென்று, முகத்தில் அடிப்பதுபோல் வரும்.

இங்கிருந்து தென்மேற்கே சுமார் 500 மைலில் தொடங்கும் டுவாமோட்டு பவளத்தீவுகளுக்கு இந்த வசதிகள் எதுவும் இல்லை. அவை கடல்மட்டத்துக்குச் சில மீட்டரே உயர்ந்தவை. தென்னை உச்சி எட்டு மைலுக்குள் வந்தால்தான் தெரியும். 1947இல் 101 நாள் மிதந்து வந்த கோன்-டிக்கி தெப்பம் கரை சேர்ந்தது அங்குள்ள ராரோயா பவளத்திட்டில் மோதித்தான். நெடும்பயணத்தின் முதல் கரையாக மார்க்கேசஸைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. களைத்த கண்ணுக்கு உயர்ந்த மலை செய்யும் உதவி பெரிது.

எந்தத் துறை

நுழைவு அனுமதி பெறக்கூடிய இடங்கள் மூன்று: ஹீவா ஓவாவில் அட்டுவோனா, நூக்கு ஹீவாவில் தையோஹயே, ஊவா போவில் ஹாக்காஹாவ். கிழக்கிலிருந்து வருபவருக்கு முதலில் எதிர்ப்படுவது இந்த மூன்றும் அல்ல. தென்கிழக்குக் கோடியில் நிற்கும் ஃபாட்டு ஹீவாவும் அதன் ஹானவாவே குடாவும்தான். தூண்தூணாக எழும் பாறைகளுக்கு நடுவே மாலை வெயில் விழும் அந்தக் குடா, பசிபிக்கின் மிக அழகான நங்கூரத் துறைகளில் ஒன்று. அங்கே நின்றுவிட்டுப் பிறகு ஹீவா ஓவாவுக்குப் போனால் காற்று பின்னாலிருந்து தள்ளும். முறைப்படி ஹீவா ஓவாவில் பதிந்துவிட்டுத் திரும்பினால் ஏறக்குறைய 45 மைல் எதிர்க்காற்றில் முட்டி வர வேண்டும். அதனால் பலர் ஃபாட்டு ஹீவாவில் ஓரிரு நாள் நின்றுவிட ஆசைப்படுகிறார்கள். அனுமதி பெறாமல் அங்கே நங்கூரமிடுவது சட்டமீறல். பிடிபட்டால் அபராதம் உண்டு. ஒரு நாள் எதிர்க்காற்றுப் பயணம் அந்தக் குடாவுக்குக் கொடுக்கத் தகுந்த விலைதான்.

அட்டுவோனாவுக்கு வருபவர் ஹீவா ஓவாவின் கிழக்கு முனையான மாட்டாஃபெனுவா முனையைத் தாண்டித் தென்கரையோரமாக மேற்கே வருகிறார். தெற்கே மோட்டானே என்ற ஆளில்லாத் தீவு இருக்கிறது. இருட்டில் அதை நம்பி வழி பார்க்க முடியாது. ஹீவா ஓவாவுக்கும் தாஹுவாட்டாவுக்கும் இடைப்பட்ட நீரிணையில் காற்று ஒடுங்கிப் பாய்வதால் வேகம் சட்டென்று கூடும். துறை தவறி மேற்கே போய்விடும் படகு அந்தப் பாய்ச்சலில் சிக்கும்.

நங்கூரம்

இத்தீவுகளைச் சுற்றிப் பவளத்திட்டு அரண் இல்லை. டஹீட்டியிலும் போரா போராவிலும் பவளவேலி அலையைத் தடுத்து உள்ளே அமைதியான காயலைத் தருகிறது. மார்க்கேசஸில் தொலைதூரப் புயல்களில் பிறந்த நீண்ட உருளலைகள் நேரே குடாவுக்குள் நுழைந்துவிடுகின்றன. ஆகவே காற்றில்லாத இரவிலும் படகு இடைவிடாமல் உருளும். 'கரை சேர்ந்தாயிற்று, இனி அசைவில்லை' என்ற எதிர்பார்ப்போடு வருபவருக்கு இது பெரிய ஏமாற்றம். அலமாரிக் கதவுகளைப் பூட்டி வைக்கும் கடல் பழக்கத்தை இங்கேயும் விடக் கூடாது.

அட்டுவோனாவின் துறை உண்மையில் ஊரிலிருந்து மூன்று கிலோமீட்டர் நடக்கும் தூரத்தில் உள்ள தாஹாவூக்கு என்னும் சிறு குடா. முன் பக்கம் ஒன்று, பின் பக்கம் ஒன்று என இரண்டு நங்கூரம் இட்டு, படகின் அணியம், அதாவது முன்முனை, அலை வரும் திசையைப் பார்க்குமாறு நிறுத்துவது இங்கே வழக்கம். எல்லோரும் அப்படி நிற்கும் இடத்தில் ஒருவர் மட்டும் ஒற்றை நங்கூரத்தில் நின்றால், காற்று திரும்பும்போது அவர் படகு மட்டும் சுழன்று பக்கத்துப் படகில் இடிக்கும். சரக்குக் கப்பல் திரும்புவதற்கான நீர்ப்பரப்புக்குக் கரையில் மஞ்சள் அடையாளம் உண்டு. அந்தக் கோட்டைத் தாண்டி நங்கூரம் இடக் கூடாது. ஊரின் அரிசி, மாவு, எரிவாயு எல்லாம் வருவது அந்தக் கப்பலில். அதன் வழியை ஒரு விருந்தாளிப் படகு மறிப்பது ஊரின் உலையில் கைவைப்பதற்குச் சமம். மழை பெய்தால் ஆறு செம்மண்ணைக் கொண்டுவந்து குடாவைப் பழுப்பாக்கும். அப்போது தண்ணீருக்கடியில் எதையும் பார்க்க முடியாது.

தையோஹயே அகலமான குடா. தெற்கே திறந்தது, வாசலின் இருபுறமும் காவலர்கள் என்று பெயர் பெற்ற இரு பாறைத்தீவுகள் நிற்பதால் அடையாளம் தவறாது. இடம் தாராளம் என்பதால் முதல்முறை வருபவருக்கு தாஹாவூக்கைவிட இதுவே எளிது. மருத்துவமனையும் இங்கே இருக்கிறது. சுறா உலவும் நீர் இது. மீன் கழிவு விழும் படகுத்துறைப் பக்கம் நீந்தக் கூடாது.

சங்கிலியின் நீளம் ஆழத்தைப் போல் ஐந்து மடங்காவது இருக்க வேண்டும். ஆழத்தை நீர்மட்டத்திலிருந்து அளந்தால் போதாது, அணியத்தின் உயரத்தையும் கூட்ட வேண்டும். 14 மீட்டர் நீரும் ஒரு மீட்டர் அணியமும் என்றால் 75 மீட்டர் சங்கிலி. ஹானவாவேயில் கரையை விட்டுச் சற்று விலகினாலே ஆழம் வேகமாகக் கூடுகிறது. பள்ளத்தாக்கிலிருந்து இறங்கும் காற்று திடீர் திடீரென்று அறைகிறது. அங்கே சங்கிலி குறைவாக உள்ள படகு இரவில் இழுபட்டுப் போகும். நங்கூரம் இறங்கியதும் எஞ்சினைப் பின்னோக்கி மெல்ல ஓட்டி, கரையில் ஒரு மரத்தையும் அதன் பின்னால் ஒரு பாறையையும் நேர்க்கோட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். அந்தக் கோடு கலையாவிட்டால் நங்கூரம் பிடித்துவிட்டது. அதன் பிறகே தூக்கம்.

இரட்டை உடல் படகுகள் இந்த உருளலில் ஒற்றை உடல் படகைவிடக் குறைவாக ஆடும். அவற்றுக்கு உலகம் வழங்கும் கேட்டமரான் என்ற பெயர் தமிழின் கட்டுமரத்திலிருந்து போனது. ஆனால் அந்த வடிவம் கட்டைகளை இணைத்துக் கட்டும் நம் கட்டுமரத்தினுடையது அல்ல. பாலினீசியரின் இரட்டை ஓடத்துக்கு நெருக்கமானது.

மஞ்சள் கொடி

பன்னிரண்டு மைல் எல்லைக்குள் வந்ததும் வலப்பக்கக் கயிற்றில் மஞ்சள் கொடி ஏற வேண்டும். படகு நலமாக இருக்கிறது, நுழைவு அனுமதி கேட்கிறது என்பது அதன் பொருள். அனுமதி கிடைத்த பிறகு மஞ்சளை இறக்கி, பிரான்சின் மூவண்ணத்தையும் நடுவில் ஓடச் சின்னம் கொண்ட பிரெஞ்சு பாலினீசியக் கொடியையும் ஏற்றுவது மரபு. தங்கள் கொடி பறப்பதைத் தீவினர் கவனிக்கிறார்கள்.

நடைமுறை ஜான்தார்மெரி எனப்படும் காவல் நிலையத்தில் நடக்கிறது. கடவுச்சீட்டுகள், படகின் பதிவுச் சான்று, கடைசித் துறை கொடுத்த வெளியேறல் சான்று, ஆள் பட்டியல் ஆகியவை தயாராக இருக்க வேண்டும். பிரெஞ்சு பாலினீசியா ஷெங்கன் பரப்பில் சேர்ந்ததல்ல. எனவே ஷெங்கன் விசா இருக்கிறது என்ற எண்ணத்தில் இந்தியக் கடவுச்சீட்டோடு வந்துவிடக் கூடாது. அது இங்கே செல்லுமா என்பதைப் பிரெஞ்சுத் தூதரகத்தில் புறப்படுவதற்கு மாதங்கள் முன்பே உறுதிசெய்ய வேண்டும். பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருக்கும் புதுச்சேரித் தமிழருக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேராதவர்களிடம் திரும்பும் பயணச்சீட்டுக்கு ஈடான உத்தரவாதம் கேட்கும் வழக்கமும் உண்டு; விதிகள் அவ்வப்போது மாறுவதால் அதையும் சேர்த்தே விசாரிப்பது நலம்.

மிஞ்சிய பழம், காய், விதை, செடி, வளர்ப்புப் பிராணி எதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஒரு பழத்தோடு வந்து இறங்கும் பூச்சி, வேறெங்கும் இல்லாத செடிகள் வாழும் தீவை அழித்துவிடக்கூடும். கடிகாரத்தையும் இங்கே திருத்த வேண்டும்: உலக நேரத்துக்கு ஒன்பதரை மணி பின்னே, டஹீட்டிக்கு அரைமணி முன்னே. இந்திய நேரத்திலிருந்து சரியாகப் பதினைந்து மணி நேரம் கழித்தால் போதும்.

கரையில்

முதல் நாள் கால் தரையில் நிற்காது. தரை ஆடுவதுபோல் தோன்றும் இந்த உணர்வு ஓரிரு நாளில் போய்விடும். 'நோனோ' எனப்படும் சிறு கடிப்பூச்சியின் வேலை அவ்வளவு சீக்கிரம் முடிவதில்லை. கடிக்கும்போது தெரியாது, மறுநாள் அரிப்பெடுக்கும். சொறிந்தால் இந்த வெப்பத்தில் புண் சீழ்பிடிக்கும். ஆற்றோரமும் கடற்கரையும் போகுமுன் பூச்சித்தைலம் பூசி முழுக்கை உடுத்துவதே வழி.

எதிர்ப்படுபவருக்கு 'கஓஹா' என்று சொல்ல வேண்டும். மார்க்கேசஸ் மொழியின் வணக்கம் அது. டஹீட்டியின் 'இயோரானா' இங்கே புரியும் என்றாலும், தங்கள் மொழி தனி என்பதில் இவர்கள் உறுதியானவர்கள். அந்த உறுதிக்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. ஐரோப்பியர் கொண்டுவந்த நோய்கள் 19ஆம் நூற்றாண்டில் ஊர் ஊராக மக்களை அழித்தன; பல பள்ளத்தாக்குகளில் காட்டுக்குள் கிடக்கும் கல்மேடைகள் அப்படிக் காலியான வீடுகளின் அடித்தளங்கள். பழைய வழிபாட்டிடங்களும் டிக்கி என்னும் கற்சிலைகளும் இன்றும் மரியாதைக்குரியவை. ஏறி நிற்கவோ ஒரு கல்லை எடுத்துவரவோ கூடாது. 2024இல் யுனெஸ்கோ இத்தீவுகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

வழியோரம் பழுத்துத் தொங்கும் மாம்பழமும் பம்பளிமாஸும் ஈரப்பலாவும் காட்டு மரங்களில் காய்த்தவை போலத் தோன்றும். காட்டு மரம் என்று இங்கே ஏறக்குறைய ஒன்றும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரர் இருக்கிறார். கேட்டால் பை நிறையக் கொடுப்பார்கள், கேட்காமல் பறித்தால் அது திருட்டு. காயவைத்த கொப்பரை பல குடும்பங்களுக்கு வருமானம் என்பதால் விழுந்து கிடக்கும் தேங்காய்க்கும் இது பொருந்தும். பதிலுக்குக் கயிறு, தூண்டில் முள், குழந்தைகளுக்கு நோட்டுப் புத்தகம் எனக் கொடுக்கலாம். மதுவைப் பண்டமாற்றாகக் கொடுப்பது வீடுகளைக் கெடுக்கும் செயல். எவ்வளவு கேட்டாலும் மறுத்துவிட வேண்டும். கடையில் கடைசி முட்டை அட்டையையும் வெங்காய மூட்டையையும் மொத்தமாக வாங்கிப் போவதும் அப்படியே. அடுத்த கப்பல் வரும்வரை ஊருக்கு வேறு கிடையாது.

அனுமதிச் சான்று கைக்கு வந்த பிறகு ஃபாட்டு ஹீவாவுக்குத் திரும்புபவர்கள் அங்கே மரப்பட்டையை அடித்துச் செய்யும் தாப்பா துணியை, செய்பவரிடமே நேரடியாக வாங்கலாம். அந்தத் தீவில் வங்கி இல்லை. வேண்டிய பணத்தை பசிபிக் பிராங்க் நோட்டுகளாக அட்டுவோனாவிலேயே எடுத்துச் செல்ல வேண்டும்.